தென் பர்கண்டியில் சைக்கிள்: பசுமைவழி நன்று, பக்கத்துச் சாலைகள் அதைவிட நன்று

பிரான்சில் கார் தொல்லை இல்லாமல் சைக்கிள் ஓட்ட எங்கே போகலாம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்லும் ஊர் க்ளூனி. பாரிசிலிருந்து லியோன் போகும் வழியில், லியோனுக்குச் சற்று முன்னால், சோன் நதிக்கு மேற்கே குன்றுகளுக்கு நடுவில் இருக்கிறது. சுமார் 5,000 பேர் வாழும் சிற்றூர்தான். ஆனால் சைக்கிள்காரர்களுக்கு அங்கே இரண்டு பொக்கிஷம் உண்டு. ஒன்று, பழைய ரயில் தடத்தின்மேல் போட்ட பசுமைவழி. சுற்றுலாத் துறையின் கையேடுகளில் எல்லாம் அதன் படம்தான் இருக்கும். இன்னொன்று, அந்தத் தடத்தின் இரண்டு பக்கமும் குன்றேறிப் போகும் சின்னச் சின்ன கிராமச் சாலைகள். படம் போட்டு யாரும் விளம்பரம் செய்யாத சாலைகள். பசுமைவழியை ஒரு நாள் ஓட்டிவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் நிறைய பேர், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அமைதி வேண்டும் என்று அவ்வளவு தூரம் வருகிறவர்கள் தேடி வந்தது அந்தப் பக்கத்துச் சாலைகளில்தான் இருக்கிறது.

முதலில் பசுமைவழிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கி.மீ., 1997-ல் திறந்தார்கள், பிரான்சின் முதல் பசுமைவழி என்ற பெயர் இதற்குத்தான். ரயில் ஓடாமல் போன தடத்தில் தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டார்கள், பிறகு வடக்கே ஷாலோன் வரைக்கும் தெற்கே மாக்கோன் ஓரம் வரைக்கும் நீட்டினார்கள், இப்போது மொத்தம் 70 கி.மீ. சொச்சம் இருக்கிறது. ரயில் போன தடம் என்பதால் ஏற்றம் என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லை. தார் வழவழப்பாக இருக்கும், மெல்லிய டயர் போட்ட ரோடு பைக்கில்கூட உள்ளங்கை அதிராமல் போகலாம். மோட்டார் வண்டி எதுவும் உள்ளே வரக்கூடாது, 2004-லிருந்து இந்த மாதிரி வழிகளுக்குப் போக்குவரத்துச் சட்டத்திலேயே தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். பழைய ரயில் நிலையக் கட்டடங்கள் அங்கங்கே நிற்கின்றன. புஸ்ஸி, சேன்-ஜாங்கூ, கோர்மாத்தான் என்று ஒவ்வொரு ஊராக வந்துகொண்டே இருக்கும் என்பதால் சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதைவிடப் பத்திரமான இடம் கிடைப்பது கடினம். புதிதாகச் சைக்கிள் பழகிய பெரியவர்களுக்கும் அப்படியே. எங்கள் கூட்டத்தில் ஓர் அக்கா பல வருஷம் சைக்கிளைத் தொடாமல் இருந்து இங்கேதான் மறுபடி ஏறினார், கோர்மாத்தான் வருவதற்குள் ஒரு கையை விட்டு ஓட்டுமளவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

ஆனால் வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அங்கே போய்ப் பாருங்கள். ஸ்கேட்டிங் செய்கிறவர்கள், தள்ளுவண்டியில் குழந்தை, கயிற்றில் நாய், மூன்று பேர் வரிசை கட்டிப் பேசிக்கொண்டு நடக்கிற குடும்பம் என்று எல்லாரும் இருப்பார்கள். அது அவர்களுடைய வழியும்தான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வேகமாக ஓட்ட நினைப்பவர்களுக்குத்தான் அது சரிப்படாது. சாலை குறுக்கிடும் இடங்களில் எல்லாம் கார் நுழையாதபடி தடுப்பு வைத்திருக்கிறார்கள், அங்கே வேகத்தைக் குறைத்து, பார்த்து, தாண்டி, மறுபடி வேகம் பிடிக்க வேண்டும். அப்புறம் இந்தத் தடம் டி981 என்ற பெரிய சாலைக்கு ஏறக்குறைய இணையாகவே பள்ளத்தாக்கில் போகிறது, காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் லாரி இரைச்சல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். நேராக, தட்டையாக, மரநிழலில் இரண்டு மணி நேரம் போனால் எனக்கு அலுப்புத் தட்டிவிடுகிறது. தெய்ஸே மடத்து மணியோசை மேட்டிலிருந்து இறங்கி வரும்போது மட்டும் கொஞ்சம் நிற்கத் தோன்றும்.

பசுமைவழியில் எனக்கு உண்மையாகவே பிடித்த இடம் க்ளூனிக்குத் தெற்கே இருக்கும் புவா-க்ளேர் சுரங்கம். 1.6 கி.மீ. நீளம், ரயில் போன அதே சுரங்கம். வெளியே ஜூலை வெயில் பொசுக்கும்போது உள்ளே நுழைந்தால் சட்டென்று குளிர் பிடித்துக்கொள்ளும், மெல்லிய ஜாக்கெட் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வியர்வையோடு போனால் நடுங்கிப் போவீர்கள். உள்ளே விளக்கு உண்டு, இருந்தாலும் உங்கள் சைக்கிள் விளக்கையும் போட்டுக்கொண்டு போவதுதான் முறை, எதிரே வருகிறவருக்கு நீங்கள் தெரிய வேண்டும். குளிர்காலத்தில் சுரங்கத்தைப் பூட்டிவிடுவார்கள், வெளவால்கள் அங்கே உறங்குவதால். இலையுதிர்காலக் கடைசியில் பூட்டினால் வசந்தத்தில்தான் திறப்பு. அந்த மாதங்களில் போகிறவர்கள் மேலே கணவாய் வழியாக ஏறி இறங்க வேண்டும். பெரிய ஏற்றம் இல்லை, ஆனால் தட்டையான வழி என்று நம்பிப் பிள்ளைகளைக் கூட்டி வந்தவர்களுக்கு அது பெரிய விஷயம். முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சரி, இனி பக்கத்துச் சாலைகள்.

இவை ஏன் இப்படிக் காலியாகக் கிடக்கின்றன என்பதற்குக் காரணம் இருக்கிறது. பிரான்சில் மொத்தம் 10 லட்சம் கி.மீ.க்கு மேல் சாலை இருக்கிறது, அதில் பெரும்பங்கு கிராமச் சாலைகளும் மாவட்டச் சாலைகளும்தான். நாடு முழுக்க ஏறக்குறைய 35,000 ஊராட்சிகள், ஒவ்வொன்றுக்கும் சொந்தச் சாலைகள், அவற்றைப் பராமரிப்பது சட்டப்படி ஊராட்சியின் கட்டாயச் செலவு. இருநூறு பேர் வாழும் ஊராக இருந்தாலும் பண்ணை வீடு வரைக்கும் தார் போட்டாக வேண்டும். க்ளூனி இருக்கும் சோன்-எ-லுவார் மாவட்டத்தில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள், 8,500 சதுர கி.மீ.க்கு மேல் பரப்பு, ஆனால் மக்கள் ஐந்தரை லட்சம் பேர்தான், அதிலும் நிறைய பேர் ஷாலோன், மாக்கோன், லெ க்ரோசோ போன்ற நகரங்களில். தூரப் பயணக் கார்கள் எல்லாம் சோன் நதியோரம் ஏ6 நெடுஞ்சாலையில் போய்விடும். கிழக்கு மேற்காகப் போகும் லாரிகளுக்கு என்79 இருக்கிறது. ஆக, மிச்சமுள்ள சாலைகளில் வருவது தபால்காரர், பால் வண்டி, டிராக்டர், மாட்டைப் பார்க்கப் போகும் விவசாயி. ஒரு காலத்தில் நிறைய பேர் வாழ்ந்து உழுத நாட்டுப்புறம், ஆட்கள் நகரத்துக்குப் போன பிறகும் சாலைகள் அப்படியே இருக்கின்றன. முப்பது நாற்பது நிமிஷம் ஒரு காரும் வராமல் நல்ல தாரில் ஓட்டுவது அங்கே சர்வசாதாரணம்.

இந்தச் சாலைகளைக் கண்டுபிடிக்க காகித வரைபடம்தான் சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. போனில் வழிகாட்டும் செயலிகள் சைக்கிளுக்கென்று வழி போட்டாலும், ஒன்று டி981 மாதிரிச் சாலையில் தள்ளிவிடும், இல்லாவிட்டால் டிராக்டர் தடத்தில் சேற்றில் கொண்டுபோய் நிறுத்தும். மிஷ்லேன் வெளியிடும் மாவட்ட வரைபடம் 1:150,000 அளவில் இருக்கும். அதில் சிவப்புச் சாலை பெரியது, அந்தப் பக்கமே போகாதீர்கள். மஞ்சள் சாலை நடுத்தரம், காலையிலும் மாலையிலும் வேலைக்குப் போய்வருகிற கார்கள் இருக்கும். வெள்ளைச் சாலைகள்தான் நமக்கு. ஓரத்தில் பச்சைக் கோடு போட்டிருந்தால் அழகான வழி என்று பொருள், ஆனால் மஞ்சள் சாலைக்குப் பச்சைக் கோடு போட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை மோட்டார் பைக் கூட்டமும் அதே அழகைப் பார்க்கத்தான் வரும் என்பதை நினைவில் வையுங்கள். சாலையின் குறுக்கே அம்புமுனை மாதிரிக் குறி போட்டிருந்தால் ஏற்றம்: ஒரு முனை என்றால் 5 முதல் 9 சதவீதம், இரண்டு என்றால் 9 முதல் 13, மூன்று என்றால் அதற்கும் மேல், அந்த மூன்றில் சுமையோடு ஏறப் போகிறவர்கள் கியரைப் பார்த்து முடிவெடுங்கள்.

நேரில் போகும்போதும் அடையாளம் சுலபம். மாவட்டச் சாலைக்கு வழிகாட்டிப் பலகையில் மஞ்சள் பட்டையில் டி என்ற எழுத்தும் எண்ணும் இருக்கும், ஊராட்சிச் சாலைக்கு வெள்ளைப் பட்டையில் சி. எண்ணில் இலக்கம் கூடக் கூடச் சாலை பொதுவாகச் சின்னதாகும், நூறுக்கு மேல் எண் போட்ட டி சாலை பெரும்பாலும் நம் பக்கம்தான், டி981 மாதிரி விதிவிலக்கு உண்டு. காட்டுக்குள்ளோ வயலுக்குள்ளோ போகும் நாட்டுவழிகளுக்கு மட்டும் பராமரிப்புக் கட்டாயம் இல்லை, அவை தாராகவும் இருக்கலாம், பாதி தூரத்தில் கல்லாகவும் மாறலாம். ரோடு பைக் வைத்திருப்பவர்கள் அதில் இறங்குவதற்கு முன் யோசியுங்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு நான் சொல்லும் சுற்று இது. பசுமைவழியில் கோர்மாத்தான் வாருங்கள், 17-ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்று இருக்கிறது, உள்ளே தங்க வேலைப்பாடு செய்த அறைகள், பார்க்க நேரம் இருந்தால் பாருங்கள். அங்கிருந்து கிழக்கே திரும்பி ஷப்பேஸ். ஊர் என்றால் நாலைந்து வீடுகளும் ஒரு தேவாலயமும்தான், ஆனால் அந்தத் தேவாலயம் 11-ஆம் நூற்றாண்டில் கட்டியது, மணிக்கூண்டு மட்டும் 35 மீட்டர் உயரம். வயல்வெளியில் தூரத்திலிருந்தே தெரியும், சைக்கிளில் போகும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். கார்காரர்கள் டி14-இல் போகிறார்கள். நீங்கள் லான்ஷார் வழியாக வெள்ளைச் சாலையில் போங்கள். பிறகு மேட்டில் ப்ரான்சியோன், கோட்டையும் பழைய ஊரும். கடைசித் துண்டு ஏற்றம் காலைக் கேட்கும், மேலே சென்றால் மேற்கே க்ரோன் பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடக்கும். ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள், சைக்கிளை உருட்டிக்கொண்டு போகலாம்.

ப்ரான்சியோனிலிருந்து தெற்கே இறங்கினால் திராட்சைத் தோட்டங்கள். க்ருஸீய், பிஸ்ஸி, லுய்ஞி என்று மாக்கோன் வெள்ளை ஒயின் விளையும் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும், சாலை மேலும் கீழுமாக ஏறி இறங்கும். எந்த ஏற்றமும் நீளமில்லை, ஆனால் எண்ணிக்கையில் நிறைய, மாலையாகும்போது தொடை சொல்லும். ஆஸே வந்து, அங்கிருந்து மேற்கே காட்டுக்குள் ஏறி க்ளூனிக்கு இறங்கினால் சுற்று முடியும். கடைசி இறக்கம் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும், நிழலில் ஈரம் காயாமல் இருக்கும், பிரேக்கில் விரல் இருக்கட்டும். க்ளூனி மடத்தைப் பார்க்காமல் போகாதீர்கள். 910-ல் தொடங்கிய மடம், ரோமில் இன்றைய புனித பேதுரு ஆலயம் எழும் வரை கிறித்தவ உலகின் மிகப் பெரிய தேவாலயம் இதுவாகத்தான் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு கல்லுக்காகவே இடித்து விற்றார்கள், மிஞ்சியது ஒரு சிறு பகுதிதான். அந்த மிச்சத்தின் உயரத்தைப் பார்த்தாலே முழுக் கட்டடம் எப்படி இருந்திருக்கும் என்று புரியும்.

க்ளூனிக்கு மேற்குப் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், எனக்கு மிகப் பிடித்த சாலைகள் அங்கேதான். திராட்சை முடிந்து மேய்ச்சல் நிலம் தொடங்கும். உயிர்வேலி, அதற்குள் ஷரோலே இன வெள்ளை மாடுகள், ஓக் மரம், மறுபடி உயிர்வேலி. வேலிகள் உயரமாக இருப்பதால் காற்று அவ்வளவாக அடிக்காது. ஊர்கள் இன்னும் சின்னதாகும், இடைவெளி கூடும். ஸ்வென் குன்று ஏறக்குறைய 600 மீட்டர், மோன்-சேன்-வன்சான் 603 மீட்டர், இரண்டுக்கும் மேலேறிப் பார்த்தால் நாலாபக்கமும் பச்சைக் கட்டம் கட்டமாகத் தெரியும். இந்தப் பக்கம் சுற்றுலாக்காரர்கள் வருவது குறைவு. மாடுகள் சைக்கிளைக் கண்டால் வேலியோரம் கூடவே ஓடிவரும். வண்டிச் சத்தம் இல்லாததால் செயின் சுற்றும் சத்தமும் உங்கள் மூச்சும் மட்டும் கேட்கும், வானம்பாடி மேலே எங்கோ பாடும். அரை நாள் அங்கே ஓட்டிவிட்டு மறுபடி பெரிய சாலையில் ஏறும்போதுதான் சாதாரணமாக நாம் எவ்வளவு இரைச்சலைப் பொறுத்துக்கொள்கிறோம் என்பது உறைக்கும்.

இந்த அமைதிக்கு ஒரு விலை உண்டு. கடை இல்லை. இதைத்தான் புதிதாக வருகிறவர்கள் எதிர்பார்ப்பதில்லை. நல்ல கிராமத்தில் ஒரு ரொட்டிக்கடை இருக்கும், பெரும்பாலான கிராமங்களில் அதுவும் இருக்காது. இருக்கும் கடைக்கும் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ விடுமுறை, பல இடங்களில் திங்கட்கிழமை. பன்னிரண்டு மணிக்கு மூடினால் பிற்பகல் மூன்று, நான்குக்குத்தான் திறப்பார்கள். ஞாயிறு பிற்பகல் என்றால் எதுவுமே கிடையாது. சாப்பாட்டு விடுதிகளில் மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரைக்கும்தான் சமையலறை இயங்கும், இரண்டு மணிக்குப் போய் நின்றால் காபி மட்டும் தருவார்கள், அதுவும் மனமிருந்தால். சரியான நேரத்துக்குப் போனால் அன்றைய சாப்பாடு நியாயமான விலையில் வயிறு நிறையக் கிடைக்கும், பக்கத்து மேசையில் மின்கம்பம் போடுகிறவர்களும் தச்சர்களும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அப்படி ஆட்கள் வேலை உடையோடு உட்கார்ந்திருக்கும் இடமாகப் பார்த்து நுழைந்தால் ஏமாற மாட்டீர்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாட்டுப்புறம் முழுவதும் சாப்பாட்டு மேசையில் இருக்கும் அந்த நேரம்தான், பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைக்கும், சாலைகள் மிக மிகக் காலியாக இருக்கும் நேரம். மஞ்சள் சாலையில்கூட அப்போது தைரியமாகப் போகலாம். ஆக விடுதிச் சாப்பாடா, காலிச் சாலையா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். நான் பெரும்பாலும் சாலையைத்தான் எடுத்துக்கொள்வேன். காலையிலேயே ரொட்டியும் தக்காளியும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, பெரிய சாலையைக் கடக்க வேண்டிய துண்டை அந்த இரண்டு மணி நேரத்துக்குள் வரும்படி வழியைப் போட்டுக்கொள்வேன். மாக்கோன் ஆட்டுப் பாலாடைக்கட்டி சின்னதாக, விரலால் பிடிக்கும் அளவில் இருக்கும், பண்ணை வாசலிலேயே விற்கிறார்கள், வெயிலில் ஒரு நாள் தாங்கும்.

சைவம் சாப்பிடுபவர்கள் முன்னேற்பாட்டோடு வாருங்கள். இது மாட்டிறைச்சிக்குப் பேர்போன நாடு, விடுதிகளில் ஆம்லெட், சாலட், பாலாடைக்கட்டித் தட்டு, இவ்வளவுதான் கிடைக்கும், முட்டையும் வேண்டாம் என்றால் இன்னும் சுருங்கும். தங்கும் விடுதிக்கு முன்கூட்டியே எழுதிவிட்டால் செய்து கொடுப்பார்கள். சமையலறையோடு கூடிய வீடாக எடுத்தால் கவலையே இல்லை, பாரிசிலிருந்து கிளம்புகிறவர்கள் லா ஷப்பல் பக்கம் நம் கடைகளில் அரிசி பருப்பு ரசப்பொடி வாங்கிக்கொண்டால் இரவுச் சாப்பாட்டுக்கு ஆயிற்று. தண்ணீருக்கு ஒரு வழி சொல்கிறேன், அங்கே பழகிய எல்லாச் சைக்கிள்காரர்களுக்கும் தெரிந்ததுதான்: ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் குழாய் இருக்கும், பூச்செடிக்கு ஊற்ற வைத்தது. குடிக்கக்கூடாத தண்ணீர் என்று பலகை இருந்தால் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நிரப்பிக்கொள்ளலாம். வழியில் தோட்டத்தில் யாராவது இருந்தால் முதலில் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு பாட்டிலைக் காட்டுங்கள், வெறுங்கையோடு யாரும் என்னை அனுப்பியதில்லை. அந்த வணக்கம் முக்கியம், அது இல்லாமல் நேராகக் கேட்டால் முகம் மாறிவிடும்.

வண்டி ஓட்டுகிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம்தான். ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்பது சட்டம், ஊருக்குள் ஒரு மீட்டர். பெரும்பாலானவர்கள் அதற்கு மேலேயே விடுகிறார்கள், வளைவில் பின்னாலேயே பொறுமையாக வருகிறார்கள். நடுவில் தடுப்பில்லாத இருவழிச் சாலைகளில் 2018 ஜூலை முதல் வேக வரம்பு 80 கி.மீ. ஆயிற்று, சில மாவட்டங்கள் சில சாலைகளில் மறுபடி 90 ஆக்கிக்கொண்டன. இருவர் அருகருகே ஓட்டலாம், பின்னால் கார் தாண்ட வந்தால் ஒற்றை வரிசைக்கு மாற வேண்டும். கவனமாக இருக்க வேண்டியது ஊருக்குள் வலதுபக்க முன்னுரிமைக்கு: பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிறவருக்குத்தான் வழி, அது எவ்வளவு சின்னச் சந்தாக இருந்தாலும். உள்ளூர்க்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் வருவார்கள். காதில் பாட்டுக் கேட்டபடி ஓட்டக்கூடாது, அதற்கு அபராதம் உண்டு. இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே பளிச்சென்ற மேலங்கி கட்டாயம். திராட்சைத் தோட்டங்களில் ஒயினை ருசி பார்க்கக் கூப்பிடுவார்கள், குடித்துவிட்டு ஓட்டக்கூடாது என்ற சட்டம் சைக்கிளுக்கும் உண்டு.

சாலைத் தரத்தில் எனக்கு இருக்கும் ஒரே பெரிய குறை ஜல்லி. கோடையில் சின்னச் சாலைகளைப் புதுப்பிக்கும்போது தார் தெளித்து அதன்மேல் பொடி ஜல்லியைக் கொட்டிவிட்டு, அதை அமுக்கும் வேலையைப் போகிற வருகிற வண்டிகளிடம் விட்டுவிடுகிறார்கள். கார் குறைவான சாலையில் அது வாரக்கணக்கில் உதிரியாகவே கிடக்கும். எச்சரிக்கைப் பலகையைப் பார்த்தால் இறக்கத்தில் வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவில் முன்பிரேக்கைத் தொடவே தொடாதீர்கள். பழைய ஜல்லிப் பரப்பும் கொஞ்சம் சொரசொரப்புதான், அதனால் 28 அல்லது 32 மி.மீ. டயர் போட்டுக் காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால் உடம்புக்கு நல்லது.

சொந்தச் சைக்கிள் கொண்டுவர முடியாதவர்களுக்கு வாடகை கிடைக்கும், ஷாலோன், க்ளூனி, மாக்கோன் எல்லா இடத்திலும். பசுமைவழிக்கு அந்தச் சைக்கிள்கள் போதும். குன்றுச் சாலைக்கு மின்சார உதவி வண்டியோ நல்ல கியர் உள்ள வண்டியோ கேட்டு வாங்குங்கள். எனக்கு ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன், கடையின் பெயர் வேண்டாம். மாற்று டியூப் கொடுத்தார்கள், அதன் வால்வு தடிமன், சக்கரத்துத் துளை மெல்லிய வால்வுக்கானது, கூடக் கொடுத்த பம்பு இரண்டுக்கும் பொருந்தாதது. பஞ்சரானபோது அருகில் ஊரும் இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் வண்டியோடு எங்களை ஏற்றிக்கொண்டுபோய் விட்டார். பணத்தைக் கேட்டபோது கடையில் அரை நாள் வாடகையைத் திருப்பித் தந்தார்கள், ஆனால் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. ஆகவே கடையை விட்டு வெளியேறும் முன் வால்வையும் பம்பையும் பிரேக் கட்டையையும் நீங்களே தொட்டுப் பாருங்கள். குன்றுகளுக்குள் போனபின் உதவிக்குக் கடை கிடையாது.

தங்குமிடம் தேடும்போது சைக்கிள்காரர்களுக்கான வரவேற்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அக்கெய் வெலோ என்று வாசலில் போட்டிருக்கும். சைக்கிள் வழியிலிருந்து 5 கி.மீ.க்குள் இருக்க வேண்டும், சைக்கிளைப் பூட்டி வைக்க இடம் வேண்டும், பழுதுபார்க்கக் கருவி வேண்டும் என்று நிபந்தனை வைத்துத்தான் முத்திரை கொடுக்கிறார்கள். எனக்கு இதுவரை அந்த முத்திரை பொய்த்ததில்லை. கொட்டகையில் மாட்டிவைத்த துணிக்கயிறும் நனைந்த ஷூவுக்குள் திணிக்கப் பழைய செய்தித்தாளும் எடுத்துக்கொடுக்கும் வீட்டுக்காரர்கள் கிடைத்திருக்கிறார்கள். நிபந்தனைப் பட்டியலில் அதெல்லாம் இல்லை.

எப்போது போகலாம் என்றால், மே, ஜூன், செப்டம்பர் முன்பாதி. ஜூலை ஆகஸ்டில் சில நாள் 35 டிகிரியைத் தாண்டும், திராட்சைத் தோட்டத்தில் நிழலே கிடையாது. செப்டம்பரில் அறுவடை டிராக்டர்கள் சாலையில் மண்ணையும் சாற்றையும் சிந்திப் போகும், வழுக்கும், ஆனால் ஊரே வேலையில் இருக்கும் அந்தக் காலத்தைப் பார்ப்பது தனி அனுபவம். இலையுதிர்காலம் தொடங்கியபின் வேட்டை. வாரக்கடைசிகளில் காட்டோரச் சாலையில் வேட்டை நடக்கிறது என்ற பலகையைக் கண்டால் பளிச்சென்ற சட்டையோடு சாலையிலேயே போங்கள், காட்டுத் தடத்தில் இறங்க வேண்டாம். வடக்குக் காற்று சோன் பள்ளத்தாக்கில் பிடித்துக்கொண்டால் இரண்டு மூன்று நாள் விடாது, அந்த நாட்களில் வடக்கே தொடங்கித் தெற்கே வருகிற மாதிரி வழியைப் போட்டுக்கொள்வது நல்லது.

போய்ச் சேர்வதற்கு ரயில். பாரிஸ் பெர்சி நிலையத்திலிருந்து திஜோன் வழியாக லியோன் போகும் வட்டார ரயில் ஷாலோனிலும் மாக்கோனிலும் நிற்கும், மெதுவான ரயில்தான், ஆனால் சைக்கிளைக் கழற்றாமல் ஏற்றலாம். இடம் குறைவு, கோடை வாரக்கடைசியில் கொக்கிகள் எல்லாம் நிறைந்துவிடும், வெள்ளிக்கிழமை மாலையைத் தவிர்த்துவிட்டு வியாழன் காலை மாதிரி நாளில் கிளம்புங்கள். அதிவேக ரயிலில் என்றால் சக்கரத்தைக் கழற்றி 130-க்கு 90 செ.மீ. பைக்குள் போட்டு எடுத்துப் போகலாம், ஆனால் அது நிற்கும் மாக்கோன்-லோஷே நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, நடைமேடையிலேயே சக்கரத்தை மறுபடி மாட்டிக்கொண்டு அங்கிருந்தே ஓட்டத் தொடங்கலாம். நான் வழக்கமாக ஷாலோனில் இறங்கி, முதல் நாள் பசுமைவழியில் கோர்மாத்தான் வரை வந்து, அடுத்த நாட்களைக் கிழக்கிலும் மேற்கிலும் வெள்ளைச் சாலைகளுக்கு ஒதுக்கி, கடைசி நாள் சுரங்கத்தைத் தாண்டி மாக்கோன் வந்து அங்கே திரும்பு ரயில் ஏறுவேன். வாடகைச் சைக்கிள் என்றால் எடுத்த ஊரிலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லும் கடைகள் உண்டு, அதையும் கேட்டுக்கொண்டு பயணச்சீட்டை எடுங்கள்.